நிலையும் கதவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அரைமணி நேரம் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். "என் இஷ்டம்னா கதவைப் பத்தித்தான் பேசுவேன்" என்றேன். "எந்தக் கதவு?" "ஏரோப்ளேன் கதவு." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடு" என்றார். முடித்துவிடுகிறேன்.

நான் 2011-ல் இந்த வளாகத்தை விட்டுப் போனவன். அப்போதிலிருந்து பெங்களூரில் விமான உடற்பாகங்கள் செய்யும் தொழிற்கூடங்களில் வேலை. இன்றைக்கு இரண்டு பொருள் கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, கழித்துப் போட்ட ஒரு விமான ஜன்னலின் அறுத்த துண்டு. இன்னொன்று, கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் சீல் ஒரு அடி. முன்வரிசையில் கொடுக்கிறேன். கைமாறிக் கடைசி வரிசை வரைக்கும் போகட்டும். திரும்பி வரணும், அதுதான் நிபந்தனை.

காரைக்குடியில் ஏரோப்ளேனைப் பற்றி என்ன பேச்சு என்று யாராவது நினைத்தால், நம் வள்ளல் அழகப்பரையே கேட்க வேண்டும். அவர் லண்டன் போனபோது குராய்டனில் விமானம் ஓட்டக் கற்றவர். பிற்பாடு ஜுபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக ஒரு விமானக் கம்பெனியே நடத்தினார். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. கால்நடைப் பண்ணை நிலத்தில் அந்த நீளப் பாதையைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். படிக்கிற காலத்தில் சைக்கிளில் போய் அதில் முழு வேகத்தில் மிதித்தவன் நான். டேக்-ஆஃப் ஆகவில்லை.

ஜுபிடர் காலத்து விமானம் டகோட்டா. டக்ளஸ் டிசி-3. அதற்கும் இப்போது நீங்கள் மதுரையிலோ திருச்சியிலோ ஏறுகிற விமானத்துக்கும் வெளியே பார்க்க ஒரே மாதிரி அலுமினியத் தகடுதான், ரிவெட்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். டகோட்டாவுக்குள் காற்றழுத்தம் ஏற்றுவது கிடையாது. வெளியே என்ன காற்றோ அதுதான் உள்ளேயும். அதனால் அது ரொம்ப உயரம் போகாது, மேகத்துக்குள்ளேயே ஆடி ஆடிப் போகும். அதன் கதவு வெறும் கதவு. பஸ் கதவு மாதிரி. காற்றும் மழையும் வராமல் இருந்தால் போதும்.

இப்போது உள்ள ஜெட் 35,000 அடியில் பறக்கிறது. அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால்வாசி கூட இல்லை. மனுஷன் அங்கே ஒரு நிமிஷத்துக்குள் நினைவிழந்துவிடுவான். ஆகவே உள்ளே காற்றை அடைத்து, 8,000 அடி உயர மலையில் இருக்கிற மாதிரி ஒரு அழுத்தத்தை வைத்துக் கொள்கிறோம். கொடைக்கானலைவிடக் கொஞ்சம் மேலே என்று வைத்துக் கொள்ளுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சதுர அங்குலத்துக்கு எட்டு பவுண்டு. கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். சைக்கிள் டயரில் இதைவிடப் பல மடங்கு அடிக்கிறோம். ஆனால் பரப்பைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்தரை டன். ஏ320 விமானத்தில் நீங்கள் ஏறும் முன்கதவு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர். அந்தக் கதவின் மேல் எட்டு டன்னுக்கு மேல் உள்ளிருந்து தள்ளுகிறது. உங்கள் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஜன்னலின் மேலேயே சுமார் 400 கிலோ. அதில் தலையைச் சாய்த்துத்தான் தூங்குகிறோம்.

தம்பிகள் இரண்டாம் வருஷத்தில் தின் சிலிண்டர் படித்திருப்பீர்கள். அழுத்தம் பெருக்கல் ஆரம், வகுத்தல் தடிமன். விமானத்தின் உடம்பு அதே சூத்திரம்தான். குறுக்களவு சுமார் 4 மீட்டர், தகடு மெல்லிய இடங்களில் ஒன்றரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், எழுபது எண்பது மெகாபாஸ்கல் வரும். அந்த அலுமினியக் கலவை முன்னூறுக்கு மேல் தாங்கும். அப்புறம் ஏன் இவ்வளவு பயந்து பயந்து கட்டுகிறார்கள்? ஏனென்றால் ஒரு தடவை ஊதுவது பிரச்சினை இல்லை. உள்நாட்டு விமானம் ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் உடம்பு ஊதிச் சுருங்கும். இருபது வருஷத்தில் நாற்பதாயிரம் தடவை. கம்பியை மடக்கி மடக்கி ஒடிக்கிறோமே, அந்தச் சமாசாரம். இதைத்தான் ஃபெட்டீக் என்று படிக்கிறீர்கள்.

உடம்பு எப்படிக் கட்டுகிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரை மீட்டருக்கு ஒன்றாக வளையம் வளையமாக ஃப்ரேம். நீளவாக்கில் ஸ்டிரிஞ்சர் என்று மெல்லிய சட்டங்கள். மேலே தகடு போர்த்தி ரிவெட். தகடும் தகடும் சேருமிடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அல்லது முட்டி நிற்கும். ஓட்டை போட்டு, பிசிறு எடுத்து, துடைத்து, சீலன்ட் தடவி, மூடி, ரிவெட் அடிக்க வேண்டும். இதில் எதுவும் மாய வித்தை இல்லை. நம்ம ஊர் பஸ் பாடி கட்டுகிற கூடத்தில் பாதியைப் பார்க்கலாம். வித்தை எங்கே ஆரம்பிக்கிறதென்றால், இவ்வளவு அழகாகக் கட்டிய உருளையில் கத்தியை எடுத்து ஒரு ஓட்டை போடுகிறோமே, கதவுக்கும் ஜன்னலுக்கும், அங்கே.

என் அப்பா தச்சு வேலைக்காரர். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்குக் கதவுகளைச் சரி பண்ணுவதுதான் முப்பது வருஷமாக அவர் பிழைப்பு. லீவு நாளில் என்னைக் கூட்டிப் போவார். நான் கதவில் இருக்கிற சிற்பத்தைப் பார்த்துக் கொண்டிருப்பேன். அவர் அதைத் திரும்பியே பார்க்க மாட்டார். நிலையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். "கதவு என்னடா கதவு, அது பலகை. சுவரை வெட்டி வழி விட்டிருக்கான்ல, அந்த வெட்டின சுவரோட பாரத்தை யாரு சுமக்கிறா? நிலைதான். நிலை சரியா நின்னா கதவு தானா மூடும்" என்பார். மூன்றாம் வருஷத்தில் ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன் நடத்தியபோது எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. அப்பா சொன்னதற்குக் கிரேக்க எழுத்து போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

விமானத்திலும் அதே கதைதான். ஓட்டை போட்டவுடன் அந்த இடத்தில் சுற்றி ஓடிக் கொண்டிருந்த இழுவிசைக்கு வழி இல்லாமல் போகிறது. அது ஓட்டையின் ஓரத்தைச் சுற்றிக் கொண்டு ஓட வேண்டும். மூலையில் நெரிசல். அதனால் கதவைச் சுற்றித் தடித்த தகடு, கனத்த ஃப்ரேம், மேலும் கீழும் உத்திரம். கதவைவிட நிலைக்குத்தான் அதிக வேலை.

இந்த மூலை நெரிசலை உலகம் எப்படிக் கற்றுக் கொண்டது என்பது துயரமான சங்கதி. கோமெட் என்பது உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானம். 1952 மே 2-ல் முதல் சேவை. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1953 மே 2-ல், கல்கத்தா டம் டம்மிலிருந்து டில்லிக்குக் கிளம்பிய கோமெட் ஒன்று ஆறு நிமிஷத்தில் புயல் மழைக்குள் உடைந்து விழுந்தது. 43 பேர் இறந்தார்கள். புயலின் மேல் பழி போயிற்று. 1954 ஜனவரியில் இத்தாலியின் எல்பா தீவருகே இன்னொன்று, ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே மூன்றாவது. இந்த இரண்டுக்கும் புயல் இல்லை.

இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் ஒரு முழு கோமெட்டை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். இறக்கை இரண்டும் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும், உடம்பு தொட்டிக்குள். உள்ளே தண்ணீரை ஏற்றி, அழுத்தம் கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து, இரவு பகலாக. ஏன் தண்ணீர் தெரியுமா? காற்றை ஏற்றினால் உடைகிறபோது குண்டு வெடித்த மாதிரி சிதறி, எங்கே ஆரம்பித்தது என்று தடயமே இருக்காது. தண்ணீர் சுருங்காது, உடைந்தாலும் சத்தமில்லாமல் நிற்கும். அந்த விமானம் ஏற்கெனவே 1,221 தடவை பறந்திருந்தது. தொட்டியில் இன்னும் 1,836. மொத்தம் 3,057-ஆவது சுற்றில் ஒரு திறப்பின் மூலையிலிருந்து கிழிந்தது. கடலடியிலிருந்து எடுத்த எல்பா விமானத்திலும் கூரையில் இருந்த ஒரு சின்ன ஆன்டெனா ஜன்னலின் மூலையில்தான் விரிசல்.

இதில் எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கம்பெனி சோதனை செய்யாமல் விட்டதா? இல்லை. உடம்பின் ஒரு பகுதியை ஆயிரக்கணக்கான தடவை ஊதிப் பார்த்தே விற்றார்கள். ஆனால் அதே பகுதியை அதற்கு முன்பே இரண்டு மடங்கு அழுத்தத்தில் பலச் சோதனை செய்திருந்தார்கள். அந்தப் பெரிய இழுப்பில் மூலைகளில் உலோகம் லேசாக நெளிந்து, சுமை எடுத்தபின் அந்த இடமே உள்ளுக்குள் இறுகிப் போயிற்று. அதனால் அது பாக்கி விமானங்களைவிட அதிக நாள் தாங்கியது. பரீட்சைக்கு வந்த பையன் வேறு, வேலைக்குப் போன பையன் வேறு. டெஸ்ட் ரிப்போர்ட்டில் யாரும் பொய் எழுதவில்லை. சோதித்த பொருளே பொய் சொல்லிவிட்டது.

ஜன்னல் துண்டு எங்கே வந்திருக்கிறது? நாலாவது வரிசையா? நல்லது, ஓரத்தைப் பாருங்கள், மூலையே இல்லாமல் வளைந்திருக்கும். அது கண்ணாடி இல்லை. அக்ரிலிக், இழுத்துப் பதப்படுத்தியது. பயணிகள் ஜன்னலில் மூன்று தகடு இருக்கும். வெளித்தகடுதான் பாரம் தாங்குவது. நடுத்தகடு, வெளித்தகடு உடைந்தால் தாங்குவதற்குக் காத்திருப்பது. உள்ளே நம் கை படுகிறதே, அது சும்மா, கீறல் படாமல் இருக்க. நடுத்தகட்டில் அடிப்பக்கம் குண்டூசி முனை மாதிரி ஒரு துளை இருக்கும். அடுத்த தடவை ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் தேடிப் பாருங்கள். என் சம்சாரம் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல ஓட்டை இருக்கு" என்று என் கையைப் பிடித்துக் கொண்டாள். அது வேண்டுமென்றே போட்டது. அந்தத் துளை வழியாக உள்காற்று நடுவிலும் நிரம்புவதால் பாரம் முழுக்க வெளித்தகட்டுக்குப் போகும், நடுத்தகடு ஓய்வில் இருக்கும். பனி படியாமல் இருக்கவும் அது உதவி. இரண்டு தகடும் ஒரு ரப்பர் வளையத்துக்குள் சேர்ந்து, உள்பக்கமிருந்து சட்டத்தில் பொருத்தப்படும். உள்ளழுத்தம் கூடக் கூட ஜன்னல் சட்டத்தோடு இன்னும் இறுகும்.

"உள்பக்கமிருந்து" என்பதைக் கவனியுங்கள். 1990 ஜூன் 10-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிஏசி 1-11 ஒன்றில் பைலட்டுக்கு முன்னால் இருந்த கண்ணாடி அப்படியே பிய்த்துக் கொண்டு போய்விட்டது. கேப்டன் பாதி உடம்பு வெளியே. சிப்பந்திகள் காலைப் பிடித்துக் கொண்டே இருக்க, துணை பைலட் இறக்கினார். கேப்டன் உயிர் பிழைத்தார். அந்தக் கண்ணாடி வெளிப்பக்கமிருந்து பொருத்துவது. 90 போல்ட்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். முந்தின நாள் அதை மாற்றியவர் பழைய போல்ட்டைக் கையில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருக்கிறார். 84 போல்ட் ஒரு மயிரிழை மெல்லியவை. இறுக்கும்போது இறுகின மாதிரிதான் இருந்திருக்கும்.

இப்போது கதவு. செட்டிநாட்டு வீட்டு வாசற்கதவு உள்பக்கம் திறக்கும். கும்பலாக வெளியிலிருந்து தள்ளினால் தாழ்ப்பாள்தான் தாங்க வேண்டும். உள்ளிருந்து தள்ளினால்? நிலையிலேயே முட்டி நிற்கும், தாழ்ப்பாளே வேண்டாம். விமானத்தில் தள்ளுகிறவன் உள்ளேதான் இருக்கிறான். அதனால் கதவைத் திறப்பைவிடப் பெரியதாகச் செய்து உள்ளிருந்து முட்ட வைத்தால், எட்டு டன்னும் நமக்கு வேலைக்காரன். இதுதான் பிளக் டோர். ஆனால் கதவை உள்ளே இழுத்தால் உட்காருகிற இடம் போகும். அதனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு தந்திரம் செய்கிறது. ஏ320 கதவின் இரண்டு ஓரத்திலும் முட்டுகள் இருக்கும். நிலையிலும் அதற்கு எதிர் முட்டுகள். மூடியிருக்கும்போது முட்டும் முட்டும் நேருக்கு நேர். திறக்க வேண்டுமானால் கதவு முதலில் மேலே எழும்ப வேண்டும். எழும்பினால் முட்டுகள் ஒன்றையொன்று தாண்டும், பிறகுதான் வெளியே நகரும். மேலே பறக்கும்போது எட்டு டன் அந்த முட்டுகளை அமுக்கிக் கொண்டிருக்கும்போது, எந்தப் பயில்வானாலும் அதை எழுப்ப முடியாது.

"ஆனா பேப்பர்ல படிச்சோமே" என்று சொல்வீர்கள். சரி. 2022 டிசம்பர் 10-ல் சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்ப வேண்டிய விமானத்தில் ஒரு பயணி அவசரக் கதவைத் திறந்துவிட்டார். அது தரையில் நின்றது. உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம். திறக்கத்தான் செய்யும், திறக்கவும் வேண்டும், அவசரக் கதவு அதற்குத்தானே. 2023 மே 26-ல் தென் கொரியாவில் டேகு விமான நிலையத்தில் இறங்கப் போன ஏ321-ல் ஒருவர் நிலத்துக்கு 700 அடி மேலே திறந்தார். அந்த உயரத்தில் வித்தியாசம் மிகக் குறைவு. கதவு திறந்தபடியே இறங்கி, எல்லாரும் பிழைத்தார்கள்.

ரப்பர் சீல் யார் கையில் இருக்கிறது? அமுக்கிப் பாருங்கள். உள்ளே பொள்ளல். ஒரு பக்கத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள் தெரியும். அந்தப் பக்கம் கேபினை நோக்கி இருக்கும். கேபின் காற்றே துளை வழியாகப் புகுந்து சீலை ஊதி, இடைவெளியில் அழுத்தி அடைக்கும். தனியாக பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. அப்பாவுக்கு இதைக் காட்டினேன். மழைக்காலத்தில் மரம் ஊறும் என்று அவர் கதவுக்கும் நிலைக்கும் ஒரு நூல் இடைவெளி விடுவார். "ஒரு நூலை விட்டுட்டு, அதை அடைக்கக் காத்தையே கூலிக்கு வச்சிருக்கானே, கெட்டிக்காரன்" என்றார்.

எவ்வளவு அடைத்தாலும் விமானம் முழுக்கக் காற்றுப் புகாத பெட்டி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். என்ஜினிலிருந்து காற்று வந்து கொண்டே இருக்கும், பின்னால் ஒரு வால்வு வழியாக அளந்து வெளியேறும். அங்கே இங்கே கொஞ்சம் கசியும். அதற்கும் ஒரு அளவு உண்டு. சீலன்ட்டின் பாதி வேலை காற்றை நிறுத்துவது. மறு பாதி தண்ணீரை நிறுத்துவது. தகடுகளுக்கு நடுவில் தண்ணீர் போனால் அரிப்பு. இதை நம்ம ஊரில் நான் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்திலேயே இருக்கிறது. உலோக அரிப்பும் அலுமினிய அனோடைசிங்கும் அவர்கள் தொழில். நான் படிக்கும்போது அந்தக் கேட்டைத் தாண்டி டீ குடிக்கப் போயிருக்கிறேனே தவிர, உள்ளே போய் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது வருத்தப்படுகிறேன்.

இனி என் சொந்தக் கதை. இதைச் சொல்லத்தான் வந்தேன். செயலாளரிடம் சொல்லவில்லை.

சீலன்ட் என்பது பாலிசல்பைடு. இரண்டு பாகம். கலந்தவுடன் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். நாங்கள் பயன்படுத்தியது கலந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடவி, மூடி, ரிவெட் அடிக்க வேண்டிய ரகம். வெக்கையும் ஈரமும் அதிகமானால் நேரம் இன்னும் குறையும். நேரம் தாண்டினால் கெட்டியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பார்க்க அப்படியே இருக்கும், குச்சியால் தொட்டால் இளகும். ஆனால் மேலே ஒரு மெல்லிய ஆடை கட்டியிருக்கும், உலோகத்தை நனைக்காது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். எந்தக் கூடம் என்று சொல்லப் போவதில்லை, தேவையும் இல்லை. கதவு நிலையின் ஒரு மூட்டு. மாசக் கடைசி, ஒரு யூனிட் அனுப்பியே ஆக வேண்டும். ஏப்ரல் மாசம், ஏசி சரியாக இல்லை. கிளாம்ப் ஒன்று பொருந்தாமல் தகராறு பண்ணியதில் நேரம் போய்விட்டது. மூடும்போது இரண்டு மணி இருபது நிமிஷம். மூத்த ஃபிட்டர் ஒருவர், தர்மபுரிக்காரர், நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். "தம்பி, நேரம் தாண்டிருச்சு, வழிச்சுப் போட்டுட்டுப் புதுசா கலப்போம்" என்றார். நான் குச்சியால் தொட்டுப் பார்த்தேன். இளகித்தான் இருந்தது. "இருபது நிமிஷந்தானேண்ணே" என்றேன். அவர் வாக்குவாதம் பண்ணவில்லை. "நீங்க இன்ஜினீயர். கையெழுத்து நீங்க போடுங்க. என் ஸ்டாம்ப் இதுல விழாது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

நான் கலந்த நேரத்தை அரைமணி தள்ளி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு ஃபிட்டரை வைத்து ரிவெட் அடித்தோம். அறுபதுக்கு மேல் ரிவெட். ஓரத்தில் சீலன்ட் பிதுங்கி, ஒரே சீராக, படத்தில் போட்ட மாதிரி வந்திருந்தது. இன்ஸ்பெக்ஷன் பாஸ்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொன்னால் சினிமா மாதிரி இருக்கும். நன்றாகத் தூங்கினேன். இரண்டாம் நாள்தான் ஆரம்பித்தது. அந்த அண்ணன் என்னிடம் வழக்கம் போலவே பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார், யாரிடமும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் திரும்பத் திட்டி மறந்திருப்பேன். அந்த வாரம் பழைய விபத்து அறிக்கை ஒன்றைப் பயிற்சிக்காகப் படிக்க வேண்டியிருந்தது. அலோஹா ஏர்லைன்ஸ், 1988 ஏப்ரல் 28, ஹவாய். 89,680 தடவை பறந்த போயிங் 737. தகடு மேல் தகடு ஏறும் மூட்டில் ஒட்டு விட்டுப் போய், கடல் காற்று உப்பு உள்ளே புகுந்து அரித்து, ரிவெட் வரிசையில் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் சின்னச் சின்ன விரிசல். 24,000 அடியில் எல்லா விரிசலும் கை கோத்துக் கொண்டன. முன்பாதிக் கூரை பறந்தது. 95 பேரில் ஒரு பணிப்பெண் இறந்தார். மற்றவர்களோடு விமானம் இறங்கிவிட்டது. அறிக்கையில் ஒரு வரி உண்டு: ஏறும்போதே ஒரு பயணி கதவருகே தகட்டில் விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தர விபாகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். நேரத்தை மாற்றி எழுதியதையும் சேர்த்து.

என் மேலதிகாரி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "வெளியே நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் கிளறினே?" ரிவெட் ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தார்கள். யூனிட் பதினொரு நாள் தாமதம். எனக்கு அந்த வருஷம் உயர்வு கிடையாது, எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். மூட்டைப் பிரித்தபோது நானும் நின்றேன். முக்கால் பாகம் நன்றாக ஒட்டியிருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம். தோசைக்கல்லிலிருந்து தோசை வருகிற மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. அடியில் உலோகம் பளபளவென்று, எதுவுமே தொடாத மாதிரி. ஓரத்தில் மட்டும் படத்தில் போட்ட மாதிரி பிதுக்கம்.

அந்த ஒரு மூட்டினால் விமானம் விழுந்திருக்குமா? அநேகமாக இல்லை. கட்டுமானத்தில் ஒன்றுக்கு மூன்று காவல் இருக்கிறது. சில வருஷம் கழித்து எங்கோ ஒரு ஊரில் ஒரு மெக்கானிக் அரிப்பைக் கண்டுபிடித்துத் திட்டிக் கொண்டே சரி செய்திருப்பார். ஆனால் அந்த மெக்கானிக் அந்த இடத்தைப் பார்ப்பாரா, எப்போது பார்ப்பார் என்பது எல்லாம் ஆவணத்தை வைத்துத்தான். ஆவணத்தில் நான் எழுதியது பொய்.

2024 ஜனவரி 5-ல் அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737 மேக்ஸ் 9-ல் நடந்தது உங்களுக்குத் தெரியும். வேண்டாத கதவுத் திறப்பை அடைக்கிற பிளக் ஒன்று ஏறத்தாழ 14,800 அடியில் பிய்ந்து போயிற்று. 177 பேர், யாரும் இறக்கவில்லை. ஒரு மொபைல் போன் வெளியே விழுந்து உடையாமல் சாலையோரம் கிடைத்தது, அதைத்தான் பத்திரிகைகள் ரசித்து எழுதின. விஷயம் வேறு. அதுவும் முட்டுகளில் நிற்பதுதான். மேலே எழும்பாமல் நான்கு போல்ட் பிடிக்க வேண்டும். தொழிற்சாலையில் பக்கத்து ரிவெட்களைச் சரி செய்ய பிளக்கைத் திறந்திருக்கிறார்கள், மூடும்போது நான்கையும் போடவில்லை. திறந்ததற்கே ஆவணம் இல்லை. ஆவணம் இல்லையென்றால் சோதிக்க யாரும் வர மாட்டார்கள். செய்தியைப் படித்த அன்று தர்மபுரி அண்ணனுக்குப் போன் பண்ணினேன். ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறார். "நாலு போல்ட்டாண்ணே" என்றேன். "ஸ்டாம்ப் யாரு போட்டது?" என்றார். "யாரும் போடலை." "அதான்" என்றார்.

தம்பி தங்கைகள் வேலையைப் பற்றிக் கேட்பீர்கள். இந்தத் துறையில் நம் நாட்டுக்குப் பழைய கணக்கு உண்டு. கான்பூரில் கட்டிய ஆவ்ரோ 748 1961 நவம்பர் 1-ல் பறந்தது, அது அழுத்தம் ஏற்றிய உடம்புதான். அந்த ஆவ்ரோக்களுக்குப் பதிலாக வரும் சி-295 விமானங்களில் 40-ஐக் கட்ட வதோதராவில் டாட்டா தொழிற்சாலை 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஏ320-ன் முன்கதவுகளைப் பெங்களூரில் எச்.ஏ.எல். பல வருஷமாகச் செய்து அனுப்பியிருக்கிறது. ஏ220-ன் எல்லாக் கதவுகளையும் செய்யும் ஒப்பந்தம் 2024 பிப்ரவரியில் பெங்களூர் டைனமேடிக் நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஆகவே நீங்கள் எங்காவது வெளிநாட்டில் ஏறும் விமானத்தின் கதவைத் தொட்டால், அது நம்ம பக்கத்து ஆள் ரிவெட் அடித்ததாக இருக்கலாம். ஏரோநாட்டிக்கல் படித்தால்தான் எடுப்பார்கள் என்பது தவறு. மெக்கானிக்கல், சிவில் இரண்டு பேருமே வருகிறார்கள். கணக்கு முக்கியம். அதைவிட, ட்ரில் பிட்டைக் கையில் பிடித்திருக்க வேண்டும். ஓட்டை போடத் தெரியாதவன் ஓட்டையைப் பற்றிக் கணக்குப் போட்டால் ஃபிட்டர்கள் சிரிப்பார்கள், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

2019-ல் அப்பா அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போனேன். சென்னையில் விமானம் ஏறினோம். அப்பாவுக்கு முதல் தடவை. எல்லாரும் சீட்டைத் தேடிப் போக, இவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கதவைப் பார்க்கவில்லை. நிலையின் ஓரத்தை விரலால் தடவி, முட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி, கடைசியில் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. பணிப்பெண், "சார், ப்ளீஸ், உள்ளே போங்க" என்கிறார். அப்பா என்னைப் பார்த்து, "நல்லா நிக்குது, போலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, செயலாளர் என்னைப் பார்க்கிறார். ரப்பர் சீல் திரும்பி வந்துவிட்டது. ஜன்னல் துண்டு ஏழாவது வரிசையைத் தாண்டி வரவில்லை. யாரிடம் இருக்கிறதோ அவர்கள் சாப்பாட்டு அறையில் என்னிடம் கொடுத்தால் போதும், ஒன்றும் கேட்க மாட்டேன்.